மண்டபத்துக்குள் வைத்த கம்பிகள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. தென்மாவட்டங்களில் கனமழை பகல் முழுவதும் நீடித்தது. மலையிலுள்ள அணைகளிலிருந்து உபரிநீர் திறந்துவிடப்பட்டது. தாமிரபரணி கரை கடந்தது.

டிசம்பர் 18, திங்கட்கிழமை. மழை தொடர்ந்தது. பல இடங்களில் கைபேசித் தொடர்பு அற்றது. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையிலுள்ள ஒரு சிற்றூரில், படித்துறையை ஒட்டிய தீர்த்தவாரி மண்டபத்தின் தூண்களுக்கிடையே வேரோடு வந்த மரங்கள் சிக்கின. தடைபட்ட நீர் திரும்பிக் கீழத்தெருவுக்குள் புகுந்தது. தெருவில் குடியிருந்தவர்கள் பழைய மிஷன் பள்ளிக்கூடத்தின் மாடியில் தஞ்சம் புகுந்தனர். முற்பகலில் மண்டபம் பொக்லைன் இயந்திரத்தால் இழுத்துச் சரிக்கப்பட்டது. தெருவில் நீர் வடிந்தது. உயிரிழப்பு இல்லை.

வெள்ளம் வடிந்தபின் மண்டபத்தின் கற்கள் ஆய்வு செய்யப்பட்டன. மீண்டும் நிறுத்தக்கூடிய நிலையில் இருந்தது ஒரே ஒரு தூண்.

இவ்வளவும் என் கையெழுத்துடன் தொல்லியல் துறைக்குச் சென்ற அறிக்கையில் இருக்கிறது. அதில் ஒரு வாக்கியமும் பொய் அல்ல. பழஞ்சின்னங்களின் பாதுகாப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் எழுத விரும்புவது, அந்த அறிக்கையில் இல்லாததைப் பற்றி.

நான் பாளையங்கோட்டையில் பிறந்த கிறிஸ்தவன். கல்வெட்டு படித்தவன். பணிக்காலம் முழுவதையும் கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் கொடுத்தவன். இதில் எனக்கு ஒரு முரணும் தோன்றியதில்லை. அந்தச் சிற்றூர்க்காரர்களுக்கு மட்டும் அது தீராத வேடிக்கை. படித்துறைக்கு மேலே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, நான் பேருந்திலிருந்து இறங்கியதுமே கடைக்குள் பார்த்துச் சொல்வார்: “வேதக்கார சார் வந்தாச்சு. இனி சாமிக்கு ஒரு பயமும் இல்ல.”

ஊர் சிறியது. பார்க்க வேண்டியவை அதிகம். ஆற்றுக்குள் பாறையில் செதுக்கிய சிறு சிற்பங்கள், அகலமான படித்துறை, மணிக்கூண்டோடு கூடிய மிஷன் பள்ளி, வழிப்போக்கர் சத்திரம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தத் தீர்த்தவாரி மண்டபம். நான்கு பக்கமும் திறந்து, சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல் வைத்து எழுப்பியது. ஆண்டுக்கு ஒரு முறை சுவாமி அங்கே எழுந்தருளித் தீர்த்தமாடுவார். மற்ற நாட்களில் ஆடுகளும் சீட்டாடுகிறவர்களும்.

பிறகு ஊர் சுற்றுலாத்தலம் ஆயிற்று. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. கையேட்டின் அட்டையில் மண்டபத்தின் படம் வந்தது. அதன்பின் கல்யாண ஜோடிகள் வரத் தொடங்கினார்கள். புகைப்படக்காரர் சொன்னபடி மாப்பிள்ளை ஒரு தூணில் சாய்வார், பெண் இன்னொரு தூணைச் சுற்றி எட்டிப் பார்ப்பார். ஒருநாள் உத்திரக்கல் ஒன்று அதைத் தாங்கும் போதிகையிலிருந்து சற்று விலகியிருப்பதைக் கண்டோம். ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் ஆள் நிற்கும் இடமாக இருந்தவரை அந்த விலகல் ஒரு செய்தி. நாள்தோறும் ஆட்கள் நிற்கும் இடமானதும் அது ஆபத்து. மண்டபத்தைப் பலப்படுத்த முடிவாயிற்று.

அந்தப் பணியைச் செய்தவர் என் நண்பர், துறையின் பொறியாளர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. காரணம் போகப்போக விளங்கும். அவர் அந்த ஊரிலேயே பிறந்தவர், மேலத்தெருக்காரர். நானும் அவரும் ஒன்றாகப் பணியில் சேர்ந்தவர்கள். நான் கல்லில் எழுதியிருப்பதைப் படிப்பேன், அவர் கல்லைப் படிப்பார் என்று எங்களைப் பற்றி அலுவலகத்தில் சொல்வதுண்டு. இருவரும் ஒருவரையொருவர் ‘நீர்’, ‘உமக்கு’ என்றே கடைசிவரை பேசினோம்.

மண்டபத்தின் அடிப்பகுதியில் மூன்று கல்வெட்டுகள் இருந்தன. வெவ்வேறு காலத்தவை. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: வெள்ளத்தில் சரிந்த மண்டபத்தை இன்னார் எடுப்பித்தார். நான் அவற்றைப் படித்துச் சொன்னபோது அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்டார்:

“அப்ப மூணு தடவ விழுந்திருக்கு. அப்படித்தான வே?”

“குறைந்தது மூன்று தடவை.”

“நாலாவது தடவ விழக்கூடாது. நம்ம ரெண்டு பேரு காலத்துல விழவே கூடாது.”

கல்வெட்டு, மண்டபம் விழுந்ததற்குத்தான் சாட்சி, விழக்கூடாது என்பதற்கு அல்ல என்று நான் பதில் சொன்னதாக நினைவு இருந்தால் இப்போது ஆறுதலாக இருக்கும். அப்படி எதுவும் நான் சொல்லவில்லை. அப்படித் தோன்றவும் இல்லை.

தூண்களின் அடியிலும் அவை நிற்கும் குழிக்கல்லிலும் சிறு குறிகள் வெட்டப்பட்டிருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, ஒரு மீன், ஒரு சங்கு. கொத்தர்கள் தங்கள் அடையாளமாக வெட்டிக்கொண்டவை என்று முடிவு செய்து அவற்றை வரைந்து ஒரு கருத்தரங்கில் கட்டுரையாகவும் வாசித்தேன். கைதட்டினார்கள். தூணில் மீன் இருந்தால் அதன் குழிக்கல்லிலும் மீன் இருப்பது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் நண்பர் தூண், போதிகை, உத்திரம் மூன்றையும் துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைச் செருகி, பிசின் ஊற்றி இறுக்கினார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதுதான் அவருக்குப் பெருமை. ஆற்றோரமாய் இருந்த கடைசித் தூணுக்கு மட்டும் கம்பி வைக்க முடியவில்லை. துளைக் கருவியை நிறுத்த அந்தப் பக்கத்தில் இடமில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். வேலை முடிந்த அன்று ஒரு தூணை முதுகால் தள்ளிக் காட்டினார்.

“பாத்தீரா? யானை வந்து முட்டட்டும்.”

“யானைக்கு வேற வேலை இல்லையா?” என்றார் டீக்கடை அண்ணாச்சி.

பல ஆண்டுகள் மண்டபம் அசையவில்லை. அவர் ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டார். வெள்ளம் வந்தபோது என் பணியில் இன்னும் சில மாதங்கள் மிச்சம் இருந்தன.

சனிக்கிழமை மாலை அவரைப் பார்க்கச் சென்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஓடவில்லை. அவர் வீட்டிலேயே தங்கினேன். திங்கட்கிழமை காலையில் படித்துறையைப் பார்க்க இருவரும் குடையோடு இறங்கியபோது படித்துறை இல்லை. மண்டபத்தின் கூரை தெரிந்தது. அதன் தூண்களுக்கிடையே மருத மரம் ஒன்று குறுக்காகச் செருகியிருந்தது. அதில் வாழைகள், ஆற்றில் மிதந்து வந்த அமலைச்செடி, ஒரு மாட்டுக்கொட்டகையின் கூரை எல்லாம் அடுக்கடுக்காய்ப் படிந்து சுவராகியிருந்தன. ஆறு அந்தச் சுவரில் முட்டி, அருகே ஆற்றில் வந்து சேரும் ஓடை வழியாகப் பின்பக்கம் திரும்பிக் கீழத்தெருவுக்குள் போய்க்கொண்டிருந்தது. தெருவின் கடைசியில் மிஷன் பள்ளி. சுண்ணாம்புக் கட்டடம். நூறாண்டுக்கும் மேற்பட்டது. தெரு முழுவதும் அதன் மாடியில் நின்றது.

மாடியிலிருந்து சத்துணவு சமைக்கும் அம்மா எங்களைப் பார்த்துக் கத்தினார்: “சார், ஆத்துப் பக்கத்துச் சுவரு நறநறங்குது. புள்ளையள எங்கன கொண்டு போவோம்?”

கீழே அந்தச் சுவரின் மூலையில் அடித்தளக் கற்கள் வெளியே தெரிந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கல் நகர்ந்தது.

வாய்க்கால் தூர்வாரும் பணிக்காக வந்திருந்த பொக்லைன் ஒன்று மேட்டில் நின்றது. என் நண்பர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மண்டபத்த எடுத்துருவோம் வே.”

“வேற வழி?”

“இருந்தா உம்மகிட்ட ஏன் கேக்கேன்?”

அனுமதி தரவேண்டியவர்கள் ஒருவரும் தொலைபேசியில் கிடைக்கவில்லை. அங்கே இருந்த அதிகாரி நான் ஒருவனே. நெருக்கடியில் முடிவெடுப்பதுதான் கடினம் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். என் அனுபவம் வேறு. அன்று முடிவெடுப்பது கடினமாகவே இல்லை. மாடியில் குழந்தைகள் நின்றார்கள். மண்டபத்தை எடுக்கச் சொன்னேன். கடினமான முடிவு பல ஆண்டுகளுக்கு முன்பு, வெயிலடித்த ஒரு நாளில், நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோதே எடுக்கப்பட்டுவிட்டது. அதைக் கடினம் என்று அப்போது எவரும் அறியவில்லை.

பொக்லைன் ஓட்டுநர் கூடங்குளத்துக்காரர். வண்டியில் ஏறி உட்கார்ந்தும் சாவியைத் திருகவில்லை.

“யாரு ஒடைக்கச் சொல்லுதீய? எனக்கு ஒரு பேரு வேணும். நாளைக்கு வெள்ளம் வத்துனதும் ஊர்க்காரன் எங்கிட்டதான் வருவான், சாமி மண்டபத்துல கைய வச்சவன் எவம்லேன்னு.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் நண்பர் சொன்னார்: “எம்பேரச் சொல்லு. மேலத்தெருவுல வந்து கேட்டா சின்னப்புள்ளையும் வீட்டக் காட்டும்.”

“அவரு மாட்டுன பூட்ட அவரே தெறக்காரு,” என்றார் அண்ணாச்சி. “உனக்கென்னடே? வண்டிய எடு.”

இரும்பு வடத்தை மூலைத்தூணில் மாட்டினார்கள். என் நண்பர் மேற்படியில் இடுப்பளவு நீரில் நின்று வழிகாட்டினார்.

“பைய இழு. அந்தத் தூணுல ஒரு கம்பிதான் வச்சேன், கல்லுல வெடிப்பு இருந்துச்சு. அது வந்துட்டா உத்திரம் வழுக்கி விழுந்துரும்.”

உத்திரம் வழுக்கவில்லை. அவர் வைத்த கம்பி விடவில்லை. வடம் இறுகி, வண்டியின் பின்சக்கரம் மேலெழும்பி, மூன்றாவது இழுப்பில் தூண் இடையில் முறிந்தது. அதோடு கோர்த்திருந்த போதிகை பிளந்தது, உத்திரம் பிளந்தது, அடுத்த தூணும் முறிந்தது. கம்பி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கல் உடைந்தது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே அவை போயின. மருத மரம் உருண்டு வெளியேற, அடைந்திருந்த நீர் முழுவதும் அந்த வழியே பாய்ந்தது. கீழத்தெருவில் நீர் இறங்கத் தொடங்கியதை மாடியிலிருந்தவர்கள்தான் முதலில் பார்த்துக் குரல் கொடுத்தார்கள். பள்ளிச் சுவர் நின்றது.

என் நண்பர் நீருக்குள்ளேயே நின்றார். அண்ணாச்சி கைகொடுத்து ஏற்றிவிட்டு, கடையில் மிச்சமிருந்த பாலில் டீ போட்டுக் கொடுத்தார். அவர் அதைக் கையில் வைத்திருந்தார். குடிக்கவில்லை.

நீர் வடிந்தபின் நாங்கள் இருவரும் மணலில் இறங்கி நடந்தோம். ஆற்றோரமாய் நின்ற அந்தக் கடைசித் தூண், கம்பி வைக்காமல் விட்டது, மண்டபத்திலிருந்து சற்றுத் தள்ளி மணலில் படுத்துக்கிடந்தது. முனை மழுங்கவில்லை. அதன் அடியில் ஒரு சங்கு வெட்டியிருந்தது. நாலெட்டில் அதன் குழிக்கல். அதிலும் சங்கு. தூக்கி நிறுத்தினால் போதும்.

அவர் குனிந்து அந்தக் குறியைத் தடவினார்.

“இது விழுறதுக்குன்னே கட்டுன மண்டபம் வே. பெருவெள்ளம் வந்தா படுத்து ஆத்துக்கு வழி விடும். வத்துனதும் குறியப் பாத்து எடுத்து நிறுத்துவாவ. அதத்தான் மூணு கல்வெட்டுலயும் எழுதி வச்சிருக்காவ. நம்ம அதப் பலவீனம்னு படிச்சோம்.”

நான் ஆய்வாளன். ஒரு தூணை வைத்து அப்படி முடிவுக்கு வர இயலாது, ஆதாரம் போதாது, இது இப்போதைக்கு ஊகம் என்றேன்.

“ஆதாரம் ஆத்துல கெடக்கு,” என்றார் அவர். “துண்டு துண்டாக் கெடக்கு.”

இன்றும் ஆய்வுமுறைப்படி நான் சொன்னதே சரி. அவருக்கு அன்று தேவைப்பட்டது ஆய்வுமுறை அல்ல என்பது வேறு விஷயம்.

அறிக்கை எழுதும் பொறுப்பு என்னுடையது. பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்றை, ஓய்வுபெற்ற, எந்த அதிகாரமும் இல்லாத ஒருவர் வழிகாட்டி உடைத்தார் என்று எழுதினால் விசாரணை வரும். அவருக்கு அப்போதே இதயம் சரியில்லை. ஆகவே இடிக்கும் ஆணை என்னுடையது என்று எழுதினேன். ஆணை உண்மையில் என்னுடையதுதான். கம்பிகளைப் பற்றி, ‘முன்னர் மேற்கொள்ளப்பட்ட பலப்படுத்தும் பணி’ என்று குறிப்பிட்டேன். யார் செய்தது, ஏன் செய்தது, அதனால் கற்கள் எப்படி உடைந்தன என்பவற்றை எழுதவில்லை. அறிக்கையின் நகலை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார்.

“என்னைய மாட்டிவிடாமப் பாத்துக்கிட்டீரு.”

“ஆம்.”

“இதுல நான் எங்கன இருக்கேன்?”

நான் கையை நீட்டி நகலை வாங்கிக்கொண்டேன்.

“மேல்கரை ஊர்ல இருக்க மண்டபத்துக்கும் கம்பி வைக்கப் போறாவ, தெரியும்லா? அந்தப் பயலுவ நாளைக்கு நம்ம கோப்ப எடுத்துப் பாப்பானுவ. பலப்படுத்தும் பணின்னு இருக்கும். நல்ல காரியம்னு அவனும் துளை போடுவான். எவன் வச்சான், என்ன நெனச்சு வச்சான், கடைசில என்ன ஆச்சு, இது மூணையும் எழுதாட்டி அவனுக்கு எப்படி வே தெரியும்?”

“உடம்பு தேறட்டும். துணை அறிக்கை ஒன்று இருவரும் சேர்ந்து எழுதுவோம்.”

“சரி,” என்றார். “அதுக்குள்ள நீரு ரிட்டயர்டு ஆயிராதேயும்.”

நான் ஓய்வுபெற்றேன். அவர் உடல் தேறவில்லை. அடுத்த ஆடியில் இறந்தார். அன்றைய நிலையில் என்னை மறுபடியும் நிறுத்தினாலும் அந்த அறிக்கையை அப்படியே எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அது சரி என்று சொல்ல வரவில்லை.

மேல்கரை மண்டபத்தின் வேலை முடிந்துவிட்டது. சென்று பார்த்தேன். நேர்த்தியாகச் செய்திருக்கிறீர்கள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. உங்களில் இருவர் அந்தப் பணியில் இருந்தீர்கள் என்று அறிகிறேன். உங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. உங்களிடம் இருந்த கோப்பை வைத்து நீங்கள் எடுத்த முடிவு சரியானது. கோப்பில் என்ன இல்லை என்பதை எனக்குத் தெரிந்தவரை இங்கே சொல்லிவிட்டேன். ஒரு சின்னத்தைப் பற்றி எழுதும்போது, அது நின்றதை மட்டும் எழுதாதீர்கள். உங்களோடு பணிசெய்தவர் நல்லெண்ணத்தோடு செய்து தவறிப்போனதை அன்பின் பேரால் மறைக்காதீர்கள். அன்பின் பேரால் மறைப்பதே நம் தொழிலில் அதிகம் நடக்கிறது.

அவருடைய பதினாறாம் நாள் காரியம் படித்துறையில் நடந்தது. நான் மேற்படியில் நின்றேன். முடிந்து எல்லோரும் ஏறும்போது அவர் மனைவி என் அருகில் நின்றார். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். உடைந்த கற்கள் கிடக்கும் இடத்தைச் சுற்றி அப்போது கயிறு கட்டியிருந்தது.

“அண்ணே, இங்கன போர்டு ஒண்ணு வைக்கப் போறாவளாம். உங்களத்தான் எழுதித் தரச் சொல்லியிருக்காவளாமே?”

“ஆமாம்மா.”

“அவுக பேரு அதுல வருமா? தெருவக் காப்பாத்துனது அவுகதான்னு ஊரே சொல்லுது. கீழத்தெருப் புள்ளைய இன்னைக்கும் என்னையப் பாத்தா கும்புடுதுவ.”

எழுதுகிறேன் என்றேன். கம்பிகளைப் பற்றி அவர் கணவர் வீட்டில் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை என்பது அந்தக் கேள்வியிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. மண்டபம் தானாகச் சரியாமல் நின்று தண்ணீரைத் தெருவுக்குள் திருப்பியது எதனால் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. அண்ணாச்சி ஒருவர் தெரிந்தும் சொல்லாமலிருக்கலாம்.

பலகைக்கான வாசகத்தில் மண்டபத்தின் காலம், கல்வெட்டுகள், தீர்த்தவாரி ஆகியவற்றை எழுதி முடித்துவிட்டேன். துறையிலிருந்து இரண்டு முறை நினைவூட்டினார்கள். பாக்கி உள்ளவை:

இந்த மண்டபத்தின் கம்பிகளையும் மேல்கரை மண்டபத்தின் கம்பிகளையும் பற்றித் துணை அறிக்கை. ஒருவர் கையெழுத்தோடு மட்டும் செல்லும்.

மணலுக்கடியில் இருக்கும் குழிக்கற்களின் குறிகளை வரைந்து முடிப்பது. என் பழைய கருத்தரங்கக் கட்டுரையைத் திரும்பப் பெறுவது.

சங்குத் தூணை அதன் குழியில் நிறுத்துவது. கம்பி இல்லாமல்.

பலகையில், மண்டபத்தை இறுக்கியவர் யார் என்ற இடத்திலும், உடைத்துத் தெருவைக் காத்தவர் யார் என்ற இடத்திலும் ஒரே பெயரை எழுதுவது.

எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன் மேலத்தெருவுக்குப் போய், அவர் மனைவியிடம் இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படித்துக்காட்டுவது.